அப்பாவை நான் கொன்ற திங்கட்கிழமை

என் வேலை ஆட்களைச் சாகடிப்பது. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். விசேஷ வீடுகளில் யாராவது “சாஃப்ட்வேர்ல என்னத்தா வேலை பாக்குற?” என்று கேட்டால், “டெஸ்டிங்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு இலையில் இருக்கும் அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவேன். விளக்கப் போனால் இந்தப் பத்தியின் முதல் வரியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஆபீஸ் விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு மாடி. எங்களுக்கு வேலை கொடுப்பது ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் அந்த ஊர் ஆபீஸில் ஒருவர் அதைக் கம்ப்யூட்டரில் பதிவார். உடனே வாரிசுக்குக் கடிதமும் போனுக்கு மெசேஜும் தானாகப் போக வேண்டும். போகிறதா என்று பார்ப்பது என் வேலை. பார்க்க வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டுமே! அதனால் நானே ஆட்களை உண்டாக்குவேன். பெயர், பிறந்த தேதி, பாலிசி எல்லாம் கொடுப்பேன். பிறகு வரிசையாகச் சாகடிப்பேன். டீக்குப் போவதற்குள் இருபது பேர் போயிருப்பார்கள். நிஜமான வாடிக்கையாளர்கள் இருப்பது வேறு இடத்தில். எங்களிடம் இருப்பது சோதனைக்கென்றே வைத்திருக்கும் நகல்.

ஒருவர் பதிந்தால் மட்டும் சாவு செல்லாது. இன்னொருவர் அதைத் திறந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரே ஆள் கையில் இன்னொருத்தர் உயிரைக் கொடுக்கக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் எங்கள் ஆபீஸில் என்ன நடக்கும் என்றால், நான் பதிந்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து “அண்ணே, ஒரு ஓகே அடிங்க” என்பேன். அவர் தன் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓகே அடிப்பார். அவர் கேட்டால் நானும் அப்படியே. ஒரு நாளைக்கு நூறு சாவைத் திறந்து படிக்க எவருக்கு நேரம் இருக்கிறது?

பெயர் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. நிஜ ஆட்களின் பெயரையோ போன் நம்பரையோ போடக் கூடாது, கற்பனையாக வைக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வேண்டுமானால் உட்கார்ந்து நூறு கற்பனைப் பெயர் எழுதிப் பாருங்கள். முப்பதுக்கு மேல் சித்தப்பா பெயரும் பெரியம்மா பெயரும் தானாக வந்து விழும். எல்லாரும் வீட்டு ஆட்களைத்தான் போடுவோம். ஆனால் அதிலும் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புதுப் பாலிசி, விலாசம் மாற்றம், முதிர்வுத் தொகை என்று நல்ல காரியங்களுக்கு மட்டும்தான் சொந்தக்காரர்கள். சாவு என்று வந்தால் எல்லாரும் ஒரே பெயரைப் போடுவோம். அது எங்கள் மானேஜருடைய பெயர். மனுஷன் செத்த கணக்கு எங்களுக்கே தெரியாது. மாரடைப்பில் போயிருக்கிறார், கடலில் மூழ்கியிருக்கிறார், ஒரு தடவை நூற்றுப் பதினான்கு வயதில் பரணிலிருந்து விழுந்து போயிருக்கிறார். ஒரு நாள் அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு வந்து, “இந்த மாசம் என்னைக் கொல்லாதவங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க” என்றார். ஒருத்தரும் தூக்கவில்லை.

அவரைக் கொல்வதில் எங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லீவு என்று போய் நின்றால் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டார். “இந்த வாரமா? சான்ஸே இல்ல” என்பார். எந்த வாரம் கேட்டாலும் அது இந்த வாரம்தான். ஆஸ்திரேலியா முன்னாலேயே விடிந்துவிடும் ஊர் என்பதால் எங்களுக்குக் காலை ஆறு மணிக்கு ஆபீஸ். ஐந்தேகாலுக்கு வேன் வாசலில் வந்து ஹார்ன் அடிக்கும். தெரு முழுக்கத் திட்டும், நானும் திட்டிக்கொண்டே ஏறுவேன். செய்த வேலையைக் கால் மணி நேரத்துக்கு ஒரு வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கே தினம் அரை மணி ஆகும், அந்த அரை மணியை எதில் எழுதுவது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் போனில் இருக்கும்போது மானேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வைத்ததும் “சார்” என்று மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு இதெல்லாம் எரிச்சலாக வரும்.

அப்புறம் ஏன் பதினோரு வருஷம் இருக்கிறாய் என்று கேட்டால், பதில் இருக்கிறது. மூன்று மணிக்கு வெளியே வந்துவிடலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வாடகைக்கு அழாமல் மதுரைச் சோறு சாப்பிடலாம். ஊரில் பெண் பிள்ளை என்று யாரும் என்னைக் கழித்துக்கட்டிப் பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மருத்துவக் காப்பீடு. வருஷம் ஒரு தடவை ஒரு மெயில் வரும்: பெற்றோரா, மாமனார் மாமியாரா, ஏதாவது ஒரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் யோசிக்கவே இல்லை, என் அப்பா அம்மாவைச் சேர்த்தேன். அப்படி ஒரு மெயில் வருவது என் மாமியாருக்கு இதுவரை தெரியாது.

அந்தக் காப்பீட்டில்தான் அப்பாவுக்கு நெஞ்சைச் சோதித்துப் பார்த்தோம். திருமங்கலம் தாண்டி எங்கள் ஊர். அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. பருத்திக் காட்டில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது. மதுரைக்குக் கூட்டி வந்து பார்த்தால் இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்றார் டாக்டர். அப்பா எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “பருத்தி எடுப்பு முடியட்டும்” என்று வெளியே வந்துவிட்டார்.

பருத்தி முடிந்தது, மக்காச்சோளம் என்றார். சோளம் முடிந்தது, கிணற்று மோட்டாரில் காயில் கருகிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்துக்கொண்டேன்.

“மோட்டாருக்கு ஆள் பாக்கத் தெரியுது, உங்க நெஞ்சுக்குப் பாக்கத் தெரியலயாப்பா?”

“மோட்டாரு ஓடலைன்னா பயிரு காஞ்சுரும் தாயி.”

“நீங்க ஓடலைன்னா?”

“அதெல்லாம் ஓடும். நெஞ்சப் பொளந்து பாக்க விடுறதுக்கு நான் என்ன ஆட்டுக்கிடாயா? வச்சிரு.”

அவரே வைத்துவிட்டார். பயம். அவருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும், பயம் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சோற்றைக்கூட கரண்டியால் அறைந்துதான் போட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. அறுபதுக்கு மேற்பட்ட ஒரு ஆண், இதய நோயால் சாவு, வாரிசு மனைவி, இதுதான் அன்றைக்கு முதல் சோதனை. பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை அடித்தேன். யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். யோசித்துத்தான் செய்தேன். ‘இந்தாங்க, இதுதானே வேணும் உங்களுக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். பிறந்த தேதியும் அவருடையதுதான். வாரிசு என்ற இடத்தில் அம்மா பெயர். போன் நம்பருக்கு ஆபீஸில் சோதனைக்கென்று ஒரு போன் உண்டு. அது சார்ஜ் ஏறாமல் கிடந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அம்மாவுடையது. அதையே போட்டேன்.

“அண்ணே, ஒரு ஓகே.”

பக்கத்து சீட்டு அண்ணன் ஓகே அடித்தார்.

சோதனை நகலிலிருந்து அந்த ஆபீஸ் போனைத் தவிர வெளியே எந்த நம்பருக்கும் மெசேஜ் போகாதபடி ஒரு தடுப்பு இருக்கும். இரண்டு வருஷத்தில் அது ஒரு நாள்கூடத் திறந்து இருந்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு அவர்கள் போனிலேயே மெசேஜ் வருவதைக் காட்ட வேண்டும் என்று இதே அண்ணன் அந்தத் தடுப்பை எடுத்திருக்கிறார். திரும்பப் போட மறந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை, அழுகைதான். பின்னால் பொம்பளைகள் சத்தம். “அப்பா போயிட்டாராம்டி... யாரோ மெசேஜ் அனுப்பிருக்காக... பக்கத்து வீட்டு டீச்சர் படிச்சுச் சொன்னா... காலையில டவுனுக்குப் போனவரு போன எடுக்க மாட்டேங்கிறாரு...” என்றது அம்மா. அதற்குமேல் போனை யாரோ வாங்கி, “நீ கெளம்பி வாம்மா” என்றார்கள்.

அந்த நேரத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? அன்று காலையில் நானே அடித்த சாவு. ஆனால் எனக்கு ஓடியதெல்லாம் மூன்று அடைப்பு, மூன்று அடைப்பு என்பதுதான். டாக்டர் சொன்னார், நடந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது. கடைசியாக அவரிடம் பேசியது சண்டை. பையைத் தேடினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருவரும் கிளம்பிவிட்டோம்.

சமயநல்லூர் போய் நாலு வழிச் சாலையில் ஏறினோம். கீழக்குயில்குடி மலை இடது கைப்பக்கம் வந்து போனது. நான் அழுதேனா இல்லையா என்று தெரியவில்லை, ஹெல்மெட் கண்ணாடி மட்டும் உள்பக்கம் நனைந்திருந்தது. கப்பலூர் டோல்கேட் வந்தபோது போன் அடித்தது. அப்பா நம்பர். அவர் போனிலிருந்து வேறு யாரோ பேசப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“ஆத்தா, எங்க இருக்க? உரம் வாங்கிட்டு பஸ்ல வந்து எறங்குறேன், நம்ம வீட்டு வாசல்ல சேர் போட்டு வச்சிருக்காய்ங்க. யாரு போயிட்டாகன்னு கேக்குறேன், ஒரு பய வாயத் தொறக்க மாட்டேங்கிறான். உங்க அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. என்னதான் ஆச்சு இந்த ஊருக்கு?”

நான் பைக்கை நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது: மெசேஜ் எங்கிருந்து வந்தது? டீச்சர் போனை வாங்கி அந்தப் பெயரை வாசித்தார். எங்கள் ஆஸ்திரேலியாக்காரர்களின் பெயர். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“தங்கச்சி, அந்த பிளாக்கை எடுத்தது நான்தான். திரும்பப் போடல.”

“பேரப் போட்டது நான்தாண்ணே.”

“ஓகே அடிச்சதும் நான்தான்” என்றார் அவர். “என்ன பேருன்னுகூடப் பாக்கல.”

நாங்கள் வீட்டுக்குப் போனபோது பந்தல்காரர் சேர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் கலையவில்லை, அழ வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். செத்ததாகச் சேதி வந்த ஆள் சாகாமல் இருந்தால் அவருக்கு ஆயுசு கூடும் என்று டீச்சர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவைத் தனியாகக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. “நாந்தாம்ப்பா. ஆபீஸ்ல ஒரு பேர் போடணும், உங்க பேரப் போட்டேன்.”

“வேற பேரு கெடைக்கலயா?”

“கெடைச்சிருக்கும். உங்க மேல கோவம். ஆபரேஷன் வேணாம்னீங்கள்ல.”

அவர் என்னைத் திட்டவில்லை. உர மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் நின்றார்.

“நான் பஸ்ஸ விட்டு எறங்குறப்ப, என்னையப் பாக்குறதுக்கு முன்னால, ஒங்கம்மா அழுதுக்கிட்டிருந்ததப் பாத்தேன்” என்றார். “நாப்பது வருசமாச்சு, அது அம்புட்டு அழும்னு எனக்குத் தெரியாது.” மறுபடி மூட்டையைக் கட்டினார். “சரி. டாக்டருகிட்ட தேதி வாங்கு.”

ஆபீஸில் இதைச் சும்மா விடுவார்களா? தவறு நடந்தால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் முறை. ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த ஏன். மானேஜர் அறையில் அண்ணனும் நானும் நின்றோம், அவர் அடித்துக்கொண்டே போனார். மெசேஜ் ஏன் வெளியே போனது? தடுப்பை எடுத்ததால். நிஜ நம்பர் ஏன் போட்டீர்கள்? ஆபீஸ் போன் சார்ஜ் ஏறாததால். ஒப்புதல் தந்தவர் ஏன் கவனிக்கவில்லை? யாருமே கவனிப்பதில்லை என்பதால். அந்தப் பெயரை ஏன் போட்டாய்? அப்பா மேல் கோபம் வந்ததால். ஏன் கோபம் வந்தது? ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்றதால். மானேஜர் கடைசி மூன்று பதிலையும் அழித்துவிட்டு, ‘போதிய பயிற்சி இல்லாததால்’ என்று அடித்தார்.

அதனால் எல்லாருக்கும் பயிற்சி வந்தது. இருபது கேள்வி, எண்பது சதவீதம் வாங்காவிட்டால் மறுபடி எழுத வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை நிஜ ஆள் பெயரைத் தொட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று மானேஜர் தெளிவாகச் சொன்னார். வேலை போனால் காப்பீடும் போகும். காப்பீடு போனால் அப்பாவின் ஆபரேஷன் போகும். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

ஆபரேஷன் தேதி ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. எங்கள் புது மென்பொருளை ஆஸ்திரேலியாவில் நிஜப் பயன்பாட்டுக்கு விடுவதும் அதே வியாழக்கிழமை. லீவு கேட்டுப் போய் நின்றேன்.

“ரிலீஸ் அன்னைக்கா? சான்ஸே இல்ல.”

“எங்கப்பாவுக்கு பைபாஸ் சார்.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “லேப்டாப்பைக் கொண்டுபோங்க. அங்கருந்து பாருங்க” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே அவரைப் பழைய முறைப்படி நாலு தடவை கொன்றிருப்பேன், இப்போது அதற்கும் வழியில்லை. வாசலுக்குப் போன பிறகு பின்னாலிருந்து கேட்டார்: “ரத்தம் ஏற்பாடு பண்ணியாச்சா? என்ன குரூப்பு?” சொன்னேன். “என்னோடதும் அதுதான்” என்றார்.

சொன்னபடி வந்தார். வியாழக்கிழமை ஏழு மணிக்கு அண்ணனும் மானேஜரும் இன்னும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஆபீஸுக்குப் போனார்கள். கடைசிச் சோதனையை நான் செய்ய, மானேஜர் ஒப்புதல் தர வேண்டும் என்பதால் அவர் அங்கேயே, எனக்கு நாலு நாற்காலி தள்ளி, ஒரு மாம்பழ ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவு. ஏழரைக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, “மோட்டாரு ரூம் சாவி பீரோ மேல இருக்கு” என்று மட்டும் சொன்னார். பயந்த மனுஷன் வேறு என்ன பேசுவார்?

அம்மாவுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரை இருக்கும், என் காதருகே வந்து மெல்ல ஆரம்பித்தது.

“ஏண்டி, அன்னைக்குப் போட்ட மாதிரி இன்னொரு தடவ போட்டு விடேன்.”

“எதை?”

“அதான், அப்பா செத்துட்டாருன்னு. ஆயுசு கூடும்ல.”

“யம்மா, அதெல்லாம் போட்டா என் வேலை போயிரும்மா.”

“யாருக்குத் தெரியப் போகுது? பொட்டி மடியிலதான இருக்கு? ஒரு தட்டுத் தட்டுறதுக்கு ஒனக்கு என்ன?”

“யம்மா, சும்மா இரு.”

அது சும்மா இருந்தது. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது. கதவைப் பார்த்தது. சிவப்பு விளக்கைப் பார்த்தது. பத்தரை மணிக்கு மறுபடி, “போட்டு விடுடி” என்றது. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு இந்த ஆயுசுக் கணக்கில் நம்பிக்கை உண்டா என்றால், இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவள் எதைத்தான் நம்ப மாட்டாள்? மானேஜரைப் பார்த்தேன், அவர் போனில் இருந்தார். சோதனை நகலைத் திறந்து, புது ஆள் என்று கொடுத்து, அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தேன்.

சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. இந்த நபர் ஏற்கெனவே இறந்தவராகப் பதிவாகியுள்ளார்.

அந்தத் திங்கட்கிழமைப் பதிவை அழித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அழிக்கவில்லை. விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று ஆதாரமாக வைத்திருந்திருக்கிறார்கள். திறந்தேன். அப்பா பெயர். அதற்கு நேரே, நிலை: இறந்தவர். அம்மா பெயருக்கு நேரே, வாரிசு. உள்ளே அவர் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்தேன். இரண்டு மாதமாக இந்த மனுஷனை நான் இங்கே பிணமாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்குமேல் வேலையும் எச்சரிக்கையும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. நிலை என்ற இடத்தில் மாற்று என்று கொடுத்தேன். காரணம் கேட்டது. தவறான நபர், தவறான ஆவணம், மற்றவை. மற்றவை என்று கொடுத்தால் எழுத்தில் விளக்காமல் விடாது. ‘ஆள் உயிரோடு இருக்கிறார்’ என்று அடித்தேன். அதை அடித்த நேரத்தில் அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அனுப்பினேன். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று வந்தது.

யாருடைய ஒப்புதல் என்று நான் யோசிக்கவில்லை. நாலு நாற்காலி தள்ளி மானேஜர் போன் கிர்ரென்று அதிர்ந்தது.

அவர் பார்த்தார். படித்தார். இந்த ஒரு தடவை அவர் முழுக்கப் படித்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வெகு நேரம் ஆனது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பை மூடவும் இல்லை, பார்வையை விலக்கவும் இல்லை. போனால் போகட்டும் என்று இருந்தேன். அவர் என் அம்மாவைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ அடித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜூஸைக் குடிக்க ஆரம்பித்தார். என் திரையில் நிலை மாறியது: உயிருடன்.

“போட்டியாடி?” என்றது அம்மா.

“போட்டுட்டேம்மா.”

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, “நல்லபடியா முடிஞ்சுதும்மா” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மானேஜர் எழுந்து, “ரிலீஸுக்கு இன்னும் நாலு சோதனை பாக்கி இருக்கு, பாத்து முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். முடித்தேன். அன்றைக்கு எழுதிய நேரக் கணக்கில் பத்தரை முதல் பத்தே முக்கால் வரைக்கும் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘பதிவுத் திருத்தம்’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், நெஞ்சு முழுக்கக் கட்டு. “ஒங்கம்மா சொன்னா, மறுபடி என்னையப் போட்டியாமே?” என்றார் மெதுவாக.

“இல்லப்பா. அம்மாகிட்ட சும்மா சொன்னேன். நீங்க இருக்கீங்கன்னு மாத்திட்டேன்.”

“அது வரைக்கும் செத்துதான் கெடந்தேனா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வலித்தது, நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை, வேலை போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் ஆபீஸுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பதினொரு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பதிவை நானே திறந்தேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கீழே வரிசையாக இருக்கும். ஒப்புதல் தருபவரின் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் மானேஜர் அதில் வருஷக் கணக்காக ‘ஓகே’ என்பதைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை. அன்றைக்கு ஒரு முழு வாக்கியம் இருந்தது: நேரில் பார்த்து உறுதி செய்தேன்.

பக்கத்தில் நேரம் பதிவாகியிருந்தது, பத்து நாற்பது. டாக்டர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தது பன்னிரண்டே காலுக்கு.